மக்களின் நல்வாழ்வு கூடியதா என்று எப்படிக் கணக்கெடுப்பது?

கேள்வி: எங்கள் பகுதியில் 1,200 வீடுகள். இரண்டு ஆண்டு சமூகநலத் திட்டம் ஒன்றைத் தொடங்குகிறோம். அதனால் மக்களின் நல்வாழ்வு கூடியதா என்று அளப்பது எப்படி?

பதில்: கேள்விகளைப் புதிதாக எழுத வேண்டாம். பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2011 முதல் கேட்டுவரும் நான்கு கேள்விகள் போதும்: வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது, செய்யும் காரியங்கள் எவ்வளவு அர்த்தமுள்ளவையாகத் தோன்றுகின்றன, நேற்று எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தீர்கள், எவ்வளவு பதற்றமாக இருந்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். பதற்றத்துக்குக் குறைந்த எண்தான் நல்லது. எனவே நான்கையும் ஒன்றாகக் கூட்டிவிடாதீர்கள்.

இவற்றைப் படிவத்தின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். தண்ணீர், கடன், சாலை என்று குறைகளைப் பேசவைத்த பிறகு கேட்டால் அந்த மனநிலையிலேயே பதில் வரும், மதிப்பெண் இறங்கும்.

பெரும்பாலான கணக்கெடுப்புகள் கெடுவது வீடு தேர்வதில்தான். பட்டியலில் முதல் நான்கு வீடுகளில் ஒன்றைச் சீட்டுப் போட்டு எடுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு நான்காவது வீடு. மொத்தம் 300. கதவைத் திறப்பவரிடம் கேட்கக் கூடாது. வீட்டில் 18 வயதைத் தாண்டியவர்களில் யாருக்கு அடுத்துப் பிறந்தநாள் வருகிறதோ அவரிடம் கேளுங்கள். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அப்படிச் செய்தால் பகலில் வீட்டில் இருப்பவர்களே மாதிரியில் நிறைவார்கள், வேலைக்குப் போகிறவர்கள் விடுபட்டுப்போவார்கள். மாலையிலும் விடுமுறை நாளிலுமாக மூன்று முறையாவது திரும்பப் போங்கள்.

திட்டத்தின் பணியாளர்களைக் கேள்வி கேட்க அனுப்பாதீர்கள். உதவி தருபவரின் முகத்துக்கு நேரே 3 என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

300 வீட்டில் 240 பேர் பதில் தந்து, திட்டவிலக்கம் (பதில்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 2 ஆக இருந்தால் சராசரியின் பிழை வரம்பு, அதாவது எல்லா வீட்டிலும் கேட்டிருந்தால் வரும் சராசரியிலிருந்து அது விலகியிருக்கக்கூடிய அளவு, சுமார் ±0.25. திட்டத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று என எடுக்கும் இரண்டு சுற்றுகளை ஒப்பிடும்போது அது ±0.36 ஆகிவிடும். எனவே 6.8 என்பது 7.0 ஆனால் அதை முன்னேற்றம் என்று அறிக்கையில் எழுத முடியாது. சராசரியோடு, திருப்திக் கேள்விக்கு 0 முதல் 4 வரை சொன்னவர்களின் விழுக்காட்டையும் கட்டாயம் போடுங்கள். சராசரி அசையாமலே இந்தக் கூட்டம் பெருகலாம். உதவி முதலில் சேர வேண்டியது இவர்களுக்குத்தான்.

“அவசரத்துக்கு உதவ ஆள் உண்டா?”, “இரவில் தனியாக நடக்க முடிகிறதா?” போன்ற கேள்விகள் நான்கைந்தைச் சேர்க்கலாம். அவற்றையெல்லாம் கலந்து ஒரே குறியீட்டெண் ஆக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண் மாறும்போது எது மாறியது என்றே தெரியாது.

அடுத்த சுற்றை அதே மாதத்தில், அதே சொற்களில், அதே நேரடி முறையில் நடத்துங்கள். இடையில் இணையப் படிவத்துக்கு மாறினால் அதனாலேயே மதிப்பெண் குறையக்கூடும். திட்டம் நடக்காத, இதே போன்ற இன்னொரு பகுதியிலும் இரண்டு சுற்றும் எடுங்கள். விலைவாசி, பருவம் போன்றவற்றால் அங்கேயும் மதிப்பெண் ஏறியிருந்தால், அந்த ஏற்றத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் உங்கள் திட்டத்தின் கணக்கில் சேர்க்கலாம்.