மீன்தொட்டி வெளிக்கண்ணாடியில் வெள்ளைக் கறை

சேலம் அஸ்தம்பட்டி வீட்டு மீன்தொட்டியின் வெளிப்புறக் கறைக்குக் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பல ஸ்பிரேக்களில் அம்மோனியா இருக்கும். மூடி இடுக்கு வழியாகச் சாரல் உள்ளே போனால் மீனின் செவுளைப் பதம் பார்த்துவிடும்.

அந்தக் கறை போர் தண்ணீர் வழிந்து காய்ந்த உப்புதான். நம்ம சேலத்தில் பக்கெட், குழாய் எல்லாவற்றிலும் படிகிறதே, அதேதான். வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பழைய வேட்டித் துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, கறைமேல் 5 நிமிடம் ஒட்டி வையுங்கள். வெள்ளை இளகி, துணியோடு மாவு மாதிரி வரும். அப்புறம் வெறும் தண்ணீர்த் துணியால் ஒருமுறை. மூலையில் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கான் பசையில் மட்டும் பிளேடு வைக்காதீர்கள். நான் வைத்தேன், மறுநாள் காலையில் ஹால் முழுக்கத் தண்ணீர்.

தொட்டியின் மின் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். முடித்ததும் ஃபில்டரைத் திரும்பப் போட மறந்துவிடாதீர்கள்.