பெரு நாட்டு அமேசானில் சொகுசுக் கப்பல் வாழ்க்கை: கேள்வி பதில்

லிமாவில் இருந்துகொண்டு, இந்தியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறவர்களை, அமேசான் கரை நகரமான இக்கிட்டோஸின் ஆற்றுக் கப்பல்களுக்கு அழைத்துப் போவது என் தொழில். கேள்வி கேட்கச் சொன்னேன், குவிந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

சார், சொகுசுக் கப்பல் என்றால் நீச்சல் குளம், தியேட்டர், கேசினோ எல்லாம் இருக்குமா? (கோவை)

அந்த எண்ணத்தோடு வந்தால் முதல் நாளே முகம் வாடிவிடும். இவை கடல் கப்பல்கள் இல்லை. பெரும்பாலும் மூன்று தளம், 20 முதல் 40 பயணிகள், கிட்டத்தட்ட அதே அளவு பணியாளர்கள். அறையில் நல்ல மெத்தை, ஏசி, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. மேல்தளத்தில் சாய்வு நாற்காலிகளும் ஒரு சின்னத் தொட்டியும் இருக்கலாம். அவ்வளவுதான்.

கப்பல் தூங்கவும் சாப்பிடவும் மட்டுமே. நீங்கள் காசு கொடுப்பது அதன் பின்னால் கட்டி வரும் அலுமினியப் படகுகளுக்கு. விடிகாலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டுவார்கள். காபியை நின்றபடியே குடித்துவிட்டு, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு படகில் இறங்கவேண்டும். பெரிய ஆற்றிலிருந்து சிற்றாற்றுக்குள் திரும்பியதும் வழிகாட்டி கையைத் தூக்குவார், மோட்டார் நின்றுவிடும். அந்த முதல் நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு கிளை அசையும், அதில் குரங்கு. கரையோரப் புதரில் கோழி அளவில், கொண்டையோடு ஹோட்சின் பறவை உட்கார்ந்திருக்கும். அதன் குஞ்சுகளுக்குச் சிறகிலேயே நகம் உண்டு. வயிற்றில் இலை புளித்து, பக்கத்தில் போனால் மாட்டுத்தொழுவ வாடை அடிக்கும்.

திரும்பி வந்ததும் பணியாளர் ஒருவர் உங்கள் பூட்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவி விடுவார், இன்னொருவர் குளிர்ந்த துண்டை நீட்டுவார். சிற்றுண்டி, மறுபடியும் படகு, மதிய உணவு, குட்டித்தூக்கம், நான்கு மணிக்கு இன்னொரு சுற்று. இருட்டிய பிறகு கேமன் முதலை பார்க்க டார்ச்சோடு போவதும் உண்டு. வெளிச்சம் பட்டால் அதன் கண்கள் தணல்போல் சிவக்கும். பத்து மணிக்கு மேல் விழித்திருப்பவரை நான் பார்த்ததில்லை.

எந்த மாதம் நல்லது? மழைக்காலத்தைத் தவிர்க்கணுமா? (திருச்சி)

"மழைக்காலமா" என்று கேட்காதீர்கள், "ஆறு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா" என்று கேளுங்கள். மழை வருடம் முழுக்க வரும், ஜூலையிலும் நனைவீர்கள். ஆற்று மட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் ஏழெட்டு மீட்டர் வித்தியாசம், சில ஆண்டு இன்னும் அதிகம். இரண்டு மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறக்குறைய டிசம்பர் முதல் மே வரை ஏறுமுகம். காட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிடும், படகு மரங்களுக்கு நடுவே போகும். தரையிலிருந்து கழுத்தை ஒடித்துப் பார்க்கவேண்டிய குரங்கும், கிளையில் தொங்கி மெதுவாக நகரும் ஸ்லாத் என்ற விலங்கும் கண்ணுக்கு நேரே இருக்கும். ஆனால் நடக்கத் தரை கிடைப்பது அரிது. ஜூன் முதல் நவம்பர் வரை தண்ணீர் இறங்கும். மணல் திட்டு வெளிப்படும், காட்டுப் பாதையில் நடக்கலாம், சுருங்கிய ஏரிகளில் மீன் நெருக்கியடிக்கும், அதற்காகக் கொக்கும் நாரையும் வந்து குவியும். தூண்டில் போட ஆசையிருந்தால் இதுதான் காலம். ஆனால் வறட்சி கடுமையான ஆண்டில் சில சிற்றாறுகளுக்குள் படகே போகாது, திட்டத்தை மாற்றுவார்கள். அதற்குக் கப்பல்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

என்னைக் கேட்டால் ஏப்ரல், மே. ஜூன் கடைசியில் வருகிறவர்கள் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் எடுத்துவாருங்கள். தெற்கிலிருந்து குளிர்காற்று வந்து ஓரிரு நாள் உடம்பை உதறவைக்கும். அமேசானில் குளிரா என்று சிரித்தவர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு படகில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா? (மயிலாப்பூர்)

வேண்டாம் மாமி. மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும்தான் அந்த ஊரின் அன்றாடச் சாப்பாடு, கூடவே சாதமும் பீன்ஸும். பனைக்குருத்தை ரிப்பன் ரிப்பனாகச் சீவி எலுமிச்சை பிழிந்து தரும் சோந்தா சாலட்டை ஒருமுறை சாப்பிட்டால் தினமும் கேட்பீர்கள். பழச்சாறுக்குப் பஞ்சமே இல்லை: கமு கமு, கொக்கோனா, பாஷன் ஃப்ரூட். கமு கமு புளிப்பில் நெல்லிக்காயைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை. "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது. அங்கே பலருக்குக் கோழியும் மீனும் அந்தக் கணக்கில் வராது. கோழி, மீன், முட்டை, அவற்றை வேகவைத்த தண்ணீர் எதுவும் கூடாது என்று முன்பதிவின்போதே எழுத்தில் கொடுங்கள். கப்பல் கிளம்பிய பிறகு கடை கிடையாது. காரம் போதவில்லை என்றால் "அஹி சரப்பிட்டா" கேளுங்கள். மணத்தக்காளி அளவில் மஞ்சள் மிளகாய், உறைப்பு சுரீரென்று இருக்கும். அதைக் கேட்டாலே சமையல்காரர் முகம் மலர்ந்துவிடும்.

அசைவர்களுக்கு: பைச்சே மீனை விடாதீர்கள். மூன்று மீட்டர் வரை வளரும், மூச்சு வாங்க மேலே வரும் மீன். பிஹாவோ என்ற இலையில் மீனைச் சுற்றிச் சுடும் பத்தராஷ்காவும் அருமை.

கொசு? ஊசி? மாத்திரை? (கேட்டவர்கள் பலர்)

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் டிக்கெட் போடாதீர்கள். பெருவுக்குள் நுழையும்போது கேட்காமல் விடலாம், ஆனால் இந்தியா திரும்பும்போது கேட்பார்கள். மஞ்சள் காய்ச்சல் நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வருகிறவர்களை 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். சான்றிதழ் ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அறுபது தாண்டியவர்கள் மருத்துவரைக் கேட்டே போடவேண்டும். பெருவில் மலேரியா மிகுதியாக இருப்பதும் இக்கிட்டோஸ் இருக்கும் இதே லொரேத்தோ மாநிலத்தில்தான், மாத்திரை பற்றியும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

கொசு நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. இலைச் சாறு ஊறி டிக்காஷன் நிறத்தில் ஓடும் கருநீர் ஆறுகளில் குறைவு. ஆண்டிஸ் மலை வண்டலைச் சுமந்துவரும் பழுப்பு ஆறுகளில் கூடுதல். முழுக்கை, முழுக்கால், வெளிர் நிறம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் உலராது.

கப்பல் ஆடுமா? வாந்தி வருமா?

வராது. ஆற்றில் அலை இல்லை. ராத்திரி அடிப்பாகத்தில் 'டொம்' என்று சத்தம் கேட்டால் பதறாதீர்கள், மிதந்து வரும் மரக்கட்டை. வெள்ளக்காலத்தில் கரையோடு பெயர்ந்த முழு மரங்களே வரும். அதனால்தான் பல கப்பல்கள் இரவில் கரையோரம் கட்டிவிடுகின்றன. மணல் திட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வரைபடத்தை நம்பாமல், நீரின் மேல் சுழிப்பைப் பார்த்தே ஓட்டுகிற ஆட்கள் அவர்கள்.

குளிக்கிற தண்ணீர் ஆற்றுத் தண்ணீரா? (வெட்கப்பட்டுத் தனியாகக் கேட்டவர்)

வெட்கமென்ன, ஆமாம். வடிகட்டிச் சுத்திகரித்துத் தருவார்கள், சில நேரம் லேசாக நிறம் இருக்கும். குடிக்கத் தனித் தண்ணீர். பல் துலக்கவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரானா இருக்கிற ஆற்றில் குளிக்க விடுவார்களாமே, நிஜமா அண்ணா? (பெங்களூர்)

நிஜம்தான் தம்பி. காலையில் பிரானா என்ற கூர்ப்பல் மீனுக்குத் தூண்டில் போட்டுவிட்டு, மதியம் வேறொரு ஏரியில் குதிப்பார்கள். மாட்டிறைச்சித் துண்டைக் கொக்கியில் மாட்டி, கம்பின் நுனியால் தண்ணீரைச் சளசளவென்று அடித்தால் ஏதோ தத்தளிக்கிறது என்று மீன் ஓடிவரும். இரை உருவப்படுவது தெரியும், மீன் மட்டும் வராது. மாட்டியதைக் கொக்கியிலிருந்து எடுப்பதை வழிகாட்டியிடம் விடுங்கள். இராத்திரி பொரித்துத் தருவார்கள், முள் அதிகம். நீந்துவதற்கு வழிகாட்டி காட்டும் இடம், காட்டும் நேரம் மட்டும்தான். இளஞ்சிவப்பு டால்பின் கொஞ்சம் தள்ளி மூச்சுவிட்டு மறையும். கழுத்தெலும்பு இணையாதது என்பதால் அதனால் தலையைத் திருப்ப முடியும், மரங்களுக்கு இடையே மீன் பிடிக்க அது வசதி.

அம்மாவுக்கு எழுபது வயது, முட்டி வலி. கூட்டி வரலாமா அண்ணா? (ஈரோடு)

தாராளமாக. ஒரு கேள்விதான்: அசையும் படகில், ஒருவர் கைபிடித்தால், ஓர் அடி இறங்க முடியுமா? முடிந்தால் வாருங்கள், மற்றபடி உட்கார்ந்தே பார்க்கும் பயணம். லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது, கீழ்த்தள அறை கேளுங்கள். நல்ல மருத்துவமனை என்றால் இக்கிட்டோஸ்தான், அது பல மணிநேரத் தூரம். அவசர மீட்பையும் சேர்த்த காப்பீடு கட்டாயம். மேலே சொன்ன ஊசி விஷயத்தை முதலில் முடியுங்கள்.

எங்கள் தாத்தா மலாயாவில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். அந்த மரம் இந்தக் காட்டிலிருந்து வந்ததுதானே? (கிள்ளான்)

இதே காடு, ஆனால் பிரேசில் பக்கம். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகள் அதே ஆண்டு இலங்கை ஹெனரத்கொடைக்கும், 1877-இல் சிங்கப்பூருக்கும் போயின. பிறகு நடந்தது உங்கள் வீட்டுக் கதை.

அந்தக் கதையின் மறுபாதியை இக்கிட்டோஸில் பார்க்கலாம். ஆற்றங்கரைச் சாலையில் போர்த்துகீசிய ஓடு பதித்த மாளிகைகள், சதுக்கத்தில் இரும்பாலேயே கட்டிய ஒரு வீடு. எல்லாம் 1880-களுக்குப் பிறகு வந்த ரப்பர் பணம். அந்த இரும்பு வீட்டை ஐஃபல் கோபுரத்தின் ஐஃபல் வடிவமைத்தார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், நான் அதை நம்புவதில்லை. பணம் எப்படி வந்தது என்பதை அவ்வளவு உற்சாகமாகச் சொல்லமாட்டார்கள். ரப்பர் முதலாளி ஹூலியோ சேசர் அரானாவின் நிறுவனம் புத்துமாயோ ஆற்றுப் பகுதியில் பழங்குடிகளை அடித்தும் பட்டினி போட்டும் பால் எடுக்க வைத்தது. 1910-இல் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் நேரில் போய் விசாரித்து எழுதியதும் உலகமே அதிர்ந்தது. ஆனாலும் இக்கிட்டோஸின் ரப்பர் வியாபாரத்தைச் சாய்த்தது அந்த அறிக்கை இல்லை, மலாயாவிலும் இலங்கையிலும் மலிவாக வந்த தோட்ட ரப்பர். அதாவது உங்கள் தாத்தாவைப் போன்றவர்களின் கூலி. கப்பலுக்கு ஒருநாள் முன்பே வந்து அந்தச் சாலையில் நடந்து பாருங்கள்.

எவ்வளவு ஆகும்? மலிவாகப் போக வழி உண்டா?

மேல்தரக் கப்பல்களில் ஆளுக்கு ஓர் இரவுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும். மூன்று, நான்கு, ஏழு இரவு என்று விற்பார்கள். நான்கு போதும். மூன்றில் கிளம்பவும் திரும்பவுமே நேரம் போய்விடும். அறையின் அழகைவிட ஒரு படகுக்கு எத்தனை பேர், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பத்துக்கு மேல் போனால் வேண்டாம்.

மலிவு வேண்டுமா, உள்ளூர் மக்கள் போகும் சரக்குப் படகு இருக்கிறது. யூரிமாகுவாஸ் என்ற ஆற்றுத் துறைமுக ஊரிலிருந்து இக்கிட்டோஸ் வரை இரண்டு மூன்று நாள், சொந்தத் தூளியைக் கட்டிக்கொண்டு, கோழிக்கும் வாழைத்தாருக்கும் நடுவில். அலுமினியத் தட்டும் கரண்டியும் கையோடு வேண்டும். விலங்கு அதிகம் பார்க்கமாட்டீர்கள், மனிதர்களை நிறையப் பார்ப்பீர்கள்.

ஊருக்குள் கூட்டிப்போய் மக்களைக் காட்சிப்பொருள் ஆக்குவது சரியா அக்கா/அண்ணா? (டொரான்டோ)

அண்ணாதான். நியாயமான கேள்வி. ஒப்பந்தம் போட்டு, முறைவைத்துப் போகிற கப்பல்களும் உண்டு, மிட்டாய் வீசிப் படம் எடுக்கிற கூட்டமும் உண்டு. மிட்டாய், பேனா எதுவும் கொடுக்காதீர்கள். சம்பிரா பனைநாரில் பெண்கள் பின்னும் கூடையைப் பேரம் பேசாமல் வாங்குங்கள். ஸ்லாத்தையோ அனகோண்டாவையோ தோளில் போட்டுப் படம் எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அவை காட்டிலிருந்து பிடித்துவந்தவை. பக்காயா சமிரியா காப்புக்காடு 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல். அதன் பல பகுதிகளைக் காப்பதே அந்த ஊர்க்காரர்கள்தான். தரிக்காயா ஆமை முட்டைகளை மணலில் பத்திரமாகப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை ஆற்றில் விடுவார்கள். அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தால் பாக்கியம்.

இன்னொன்று. கப்பல் போகும் மரன்யோன் ஆற்றின் கரையில் வாழும் குக்காமா பழங்குடி மக்களுக்கு, ஆற்றின் அடியிலும் ஓர் ஊர் உண்டு. மூழ்கி இறந்த உறவுகள் அங்கே வாழ்கிறார்கள் என்பது நம்பிக்கை. அந்த ஆற்றில் எண்ணெய்க் குழாய் உடைந்து கசிந்தது ஒருமுறை இல்லை, 2014-இல் குனினிக்கோ என்ற ஊரில் நடந்தது பெரியது. குக்காமா பெண்களின் அமைப்பு வழக்குப் போட்டு, மாசில்லாமல் ஓடும் உரிமை ஆற்றுக்கே உண்டு என்று 2024 மார்ச்சில் நௌத்தா நகர நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியது. அதன் தலைவி மரி லூஸ் கனாகிரிக்கு 2025-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. கப்பலில் இதை யாரும் தானாகச் சொல்வதில்லை. கேட்டால், அந்த ஊரிலேயே பிறந்த வழிகாட்டிகள் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

விசா, விமானம்?

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) இவற்றில் ஒன்றின் விசா ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால் இந்தியர்களுக்குப் பெரு விசா தேவையில்லை. கிளம்பும்முன் தூதரகத்தில் உறுதி செய்யுங்கள், விதிகள் மாறும். இக்கிட்டோஸுக்கு நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்து சாலை கிடையாது, நௌத்தா வரை சுமார் 100 கிலோமீட்டர் சாலை மட்டும். லிமாவிலிருந்து விமானத்தில் இரண்டு மணிநேரத்துக்குள். மழையில் அது தாமதமாவது சகஜம், அதனால் கப்பலிலிருந்து இறங்கிய அன்றே லிமாவில் வெளிநாட்டு விமானம் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். சில கப்பல்களில் அறை சிறிது, பெரிய பெட்டியை லிமா ஹோட்டலில் விட்டுவிட்டு ஒரு தோள்பையோடு வாருங்கள்.