உங்கள் பாட்டியின் வாழ்க்கையில் உங்களால் மறக்க முடியாதது எது?

பாட்டியைப் பற்றி மறக்க முடியாதது எது என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் சொல்வதென்றால், அவர் தலையில் இருந்த ஒரு கோடு.

அம்மாவைப் பெற்றவர். அம்மாயி என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிடுவது என் வேலை. நெற்றிக்கு மேலே நாலு விரல் தள்ளி, குறுக்காக, விரல் அகலத்துக்கு முடியே இருக்காது. தோல் வழவழவென்று இருக்கும். தடவினால் லேசாகப் பள்ளம் தட்டுப்படும். தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு உட்கார்ந்த இடம் அது. துணியை நாலாக மடித்து வைத்து அதன் மேல்தான் கயிற்றைப் போடுவார்களாம். அப்படியும் பதினைந்து வருடம் சுமந்ததில் அந்தக் கோடு விழுந்துவிட்டது. "அங்க எண்ணெய வீணாக்காத சாமி, அதுல ஒண்ணும் மொளைக்காது" என்பார்.

அம்மாயி பிறந்தது 1946-இல், இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில். அவருடைய தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர். அம்மாயிக்கு இரண்டு வயது ஆனபோது இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. அதே 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் இவர்களைப் போன்ற மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்தக் கணக்கை நேர் செய்ய 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக முடிவு. 1974-இல் அந்த மிச்சத்தையும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். லயத்தில் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அம்மாயிக்கு இந்த எண்கள் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்த கணக்கு றாத்தல் கணக்கு. றாத்தல் என்றால் பவுண்டு, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் பெரட்டுக்களத்தில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறினால், சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது இத்தனை றாத்தல் இருந்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அரை நாள் சம்பளம். நிறுக்கிற இடத்தில் கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை கழித்துவிடுவார். மழையே பெய்யாத நாளிலும் ஈரத்துக்குக் கழிவு உண்டு. எதிர்த்துக் கேட்க முடியாது. அதனால் அம்மாயி என்ன செய்தார் தெரியுமா? தராசில் ஏற்றுவதற்கு முன்னால் கூடையைக் கையில் தூக்கிப் பார்த்து எடையை மனசுக்குள் சொல்லிப் பழகினார். எழுத்து தெரியாது, ஆனால் எவ்வளவு பிடுங்குகிறார்கள் என்பது மட்டும் அவருக்குத் தினமும் தெரிந்தே இருந்தது.

நான் ஆறாவது படிக்கும்போது கோத்தகிரிச் சந்தைக்கு அவரோடு போயிருந்தேன். வெங்காயக்காரர் ஒரு கிலோ நிறுத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். அம்மாயி பையை வாங்கி, இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "அம்பது கொறையுது தம்பி" என்றார். வெங்காயக்காரர் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கடைத் தராசில் வைத்தார். 940 கிராம். கூட ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். அம்மாயி அதில் இரண்டு வெங்காயத்தை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது நம்மளுது இல்ல" என்றார். எனக்கு அன்றைக்கு அவரை அவ்வளவு பிடித்தது.

அவர்கள் கிளம்புவதற்கு உடனடிக் காரணம் பஞ்சம். 1973, 74-இல் தோட்டங்களில் ரேஷன் மாவும் அரிசியும் குறைந்துபோய், மரவள்ளிக் கிழங்கும் காட்டுக் கீரையும் அவித்துத் தின்ற காலம். அம்மாயியின் மூத்த பையன் அந்த வருடத்தில்தான் போனான். அதை ஒரே ஒரு தடவை சொன்னார், அதுவும் சோற்றை நான் தட்டில் மிச்சம் வைத்த அன்றைக்கு. அதற்குள் தாத்தா எப்போதோ எழுதிப் போட்டிருந்த இந்தியப் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது.

1975-இல் ஹட்டனில் கோச்சி ஏறினார்கள். அங்கே ரயிலுக்குக் கோச்சி என்றுதான் பெயர். இப்படி இந்தியாவுக்கு ஆட்களை ஏற்றிப் போனதை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். தூக்கிக்கொண்டு போனது ஒரு தகரப் பெட்டி, ஒரு அம்மிக் குழவி, என் அம்மா. அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. அம்மிக் கல்லை எடுத்துவர முடியவில்லை, குழவியையாவது விட மனசு வரவில்லை. ஸ்டேஷனில் அம்மாயியின் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீ முன்னால போ, நான் பின்னாலயே வாறேன்" என்றாராம். அவருக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தது.

அனுராதபுரம், மதவாச்சி, மன்னார் தாண்டித் தலைமன்னார். அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம். அப்புறம் மண்டபம் முகாம். அந்த முகாமைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கிருந்து தோட்டத்துக்குப் போன கூலிகளைக் கப்பலேற்றுவதற்கு முன்னால் அடைத்துவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடமும் அதுதான். அம்மாயியின் தாத்தா போன வழி, பேத்தி வந்த வழி, இரண்டுக்கும் ஒரே வாசல். இதை அவரிடம் நான் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அந்த வேப்ப மரத்தடியில அவரும் ஒக்காந்திருப்பாரு" என்றார்.

அரசாங்கக் காகிதங்களில் இவர்களுக்குத் தாயகம் திரும்பியோர் என்று பெயர். அம்மாயி எங்கே திரும்பினார்? அவர் இந்த மண்ணை அதற்கு முன் பார்த்ததே இல்லை. முதலில் துறையூர்ப் பக்கம் அந்தப் பூர்வீக ஊருக்குத்தான் தேடிப் போயிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் நல்லபடியாகச் சோறு போட்டார்கள். ராத்திரி திண்ணையில் படுத்திருந்தபோது உள்ளே பேச்சு கேட்டதாம்: நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்று. விடிவதற்கு முன்னால் கிளம்பிவிட்டார்கள்.

தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாடு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலை போட ஆரம்பித்திருந்தது. இப்போது டேன்டீ என்கிறோமே, அந்த அரசுத் தேயிலைக் கழகம். அப்படித்தான் கோத்தகிரிக்கு வந்தார்கள். மறுபடியும் குளிர், அட்டைக்கடி, தேயிலை. "ரெண்டு எலை, ஒரு மொட்டு, அது எங்க போனாலும் ஒண்ணுதான்" என்பார். ஆனால் பேச்சு ஒன்றாக இல்லை. சோப்புக்குச் சவர்க்காரம், ரொட்டிக்குப் பாண், டீக்குத் தேத்தண்ணி என்று இவர் சொல்ல, கடையில் சிலோன்காரி என்றார்கள். அங்கே கள்ளத்தோணி என்று திட்டு வாங்கிய வாய்க்கு இங்கே இது. அவர் வார்த்தைகளை மாற்றிக்கொள்ளவே இல்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் தேத்தண்ணிதான்.

அக்கா வரவில்லை. பாஸ்போர்ட் கிடைத்தது, மகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு வருகிறேன் என்று நீல நிறக் கடிதம் வந்தது. இரண்டு பேருக்கும் எழுதத் தெரியாது, அங்கே தோட்டத்து வாத்தியார் எழுத, இங்கே என் அம்மா படித்துக் காட்டுவார். 1983-இல் கலவரம். அடுத்த வருடம் கப்பல் நின்றது. கடிதமும் நின்றது. இப்படிப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். 2003-இல்தான் அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை என்று சட்டம் வந்தது.

2017-இல் பேஸ்புக் வழியாக அந்தத் தோட்டத்துப் பையன் ஒருவனைப் பிடித்தேன். பெரியம்மாயி உயிரோடு இருந்தார், அதே லயத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் போனை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் கூரை தெரிந்தது, அந்தப் பக்கம் ஒரு காது. நாற்பத்திரண்டு வருடம் கழித்துப் பேசுகிறார்கள், அழப்போகிறார்கள் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். அக்கா கேட்ட முதல் கேள்வி, "அங்க மழையா?" என்பது. அப்புறம் கொழுந்து எப்படி, பேருக்கு எத்தனை கிலோ, இன்னும் ஈரத்துக்குக் கழிக்கிறார்களா என்று ஒரு மணி நேரம் தேயிலைப் பேச்சு. குழவியைப் பற்றிக் கேட்டார். அம்மாயி எழுந்துபோய் அதை எடுத்துவந்து போனுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா அரைச்ச கல்லு" என்று மட்டும் குரல் வந்தது.

போனை வைத்த பிறகு அம்மாயி என்னைப் பார்த்து, "எவ்வளவு காசு கழிச்சிருப்பான்?" என்று கேட்டார்.

இதற்குக் காசு இல்லை அம்மாயி, எவ்வளவு பேசினாலும் கழிக்க மாட்டார்கள் என்றேன்.

நம்பாமல் என் முகத்தையே பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் போனை நன்றாகத் துடைத்து என் கையில் கொடுத்து, "அப்ப இன்னொரு வாட்டி போடு சாமி" என்றார்.