சி டிரைவ் நிரம்பிவிட்டது: ஃபைல்களை வெளி டிரைவுக்கு மாற்றலாமா?

கேள்வி: என் விண்டோஸ் 11 லேப்டாப்பில் 256 ஜிபி எஸ்எஸ்டிதான். நிரம்பிவிட்டது. டாக்குமெண்ட்ஸ், போட்டோ, டவுன்லோட்ஸ் எல்லாவற்றையும் எக்ஸ்டெர்னல் டிரைவில் வைத்து அங்கிருந்தே வேலை பார்க்க முடியுமா? ஹார்ட் டிஸ்க் வாங்குவதா, எஸ்எஸ்டியா? ‘யூசர்ஸ்’ ஃபோல்டரையே மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடு என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். அந்த ஃபோல்டருக்குள் ‘ஆப்டேட்டா’ என்று ஒன்று மறைந்திருக்கிறது. பிரவுசர் முதல் மெயில் வரை எல்லா மென்பொருளும் ஓயாமல் அதில் எழுதிக்கொண்டே இருக்கும். லாக்-இன் ஆகும் நேரத்தில் கேபிள் கழன்றிருந்தால் விண்டோஸ் உங்கள் ப்ரொஃபைலைக் காணாமல் தற்காலிக ப்ரொஃபைல் ஒன்றைத் திறந்து வைக்கும். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ் ஆகியவற்றை மட்டும் மாற்றுங்கள். டெஸ்க்டாப்கூட இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பழைய படங்களைச் சேர்த்து வைக்க மட்டும் என்றால் ஹார்ட் டிஸ்க் போதும். அங்கிருந்தே திறந்து திருத்திச் சேமிக்கப் போகிறீர்கள் என்றால் எஸ்எஸ்டிதான். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 100 முதல் 130 எம்பி தருவதெல்லாம் பெரிய ஃபைல்களுக்குத்தான். சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் வந்தால் தவழ ஆரம்பித்துவிடும். சாட்டா வகை எஸ்எஸ்டி 500 எம்பியை ஒட்டி ஓடும். கேபிளையும் கவனியுங்கள். ஃபோன் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0. அதில் எந்த எஸ்எஸ்டியும் 40 எம்பியைத் தாண்டாது. டிரைவ் மந்தம் என்று திருப்பி அனுப்பும் முன் பெட்டியில் வந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைக்கு ஃபார்மட் என்று பெயர். டிரைவ் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் வந்திருந்தால், காலியாக இருக்கும்போதே என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டுக்கு மாற்றிவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் பிடுங்கப்பட்டாலும் ஃபோல்டர் அமைப்பு குலையாமல் மீள என்டிஎஃப்எஸ்-இல் வழி இருக்கிறது, எக்ஸ்ஃபேட்டில் இல்லை. அடுத்து விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மெண்ட்டில், டிரைவுக்கு ‘எக்ஸ்’ (X) போல ஆங்கில அகர வரிசையில் பின்னால் இருக்கும் ஓர் எழுத்தைக் கொடுங்கள். ‘இ’ (E) என்றே விட்டால் என்றாவது ஒரு பென் டிரைவ் முந்திக்கொண்டு அந்த எழுத்தை எடுத்துக்கொள்ளும். டாக்குமெண்ட்ஸைத் திறந்தால் ‘லொகேஷன்’ கிடைக்கவில்லை என்று வரும்.

இனி மாற்றும் வேலை. புது டிரைவில் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர் உருவாக்குங்கள். டாக்குமெண்ட்ஸ் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். அதற்குரிய ஃபோல்டரைக் காட்டி, பழைய ஃபைல்களையும் நகர்த்தவா என்று கேட்டால் ‘யெஸ்’. ஃபோல்டரைக் காட்டாமல் டிரைவையே காட்டிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பிக்சர்ஸையும் அப்படியே செய்துவிட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோகும், பிரிப்பது பெரும்பாடு.

லொகேஷன் பெட்டியில் ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகம்) என்ற பெயர் தெரிகிறதா? முதலில் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் அந்த ஃபோல்டருக்கான பேக்கப்பை நிறுத்துங்கள். நிறுத்தியதும் டாக்குமெண்ட்ஸ் காலியாகத் தெரியலாம், பதற வேண்டாம். ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும்.

கேள்வி: இப்படி மாற்றிவிட்டால் பேக்கப் தனியாகத் தேவையில்லைதானே?

பதில்: தேவை, முன்னைவிட அதிகமாகவே. ஃபைல் இடம் மாறியிருக்கிறதே தவிர, பிரதி ஒன்றுதான். அதுவும் கைதவறிக் கீழே விழக்கூடிய ஒரு பொருளில். பேக்கப்புக்கு ஹார்ட் டிஸ்க் தாராளமாகப் போதும், அங்கே வேகம் முக்கியமில்லை. 1 டிபி டிரைவ் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டுவது கணக்கிடும் முறையால், ஏமாற்று அல்ல. அடிமாட்டு விலைக்கு 16 டிபி என்று விற்கும் விரல் நீள டிரைவ்தான் ஏமாற்று: கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும், உண்மையான இடம் தீர்ந்ததும் வரும் ஃபைல்கள் திறக்காது. எந்த டிரைவ் வாங்கினாலும் ரிட்டர்ன் கெடு முடிவதற்குள், காலியாக இருக்கும்போதே, ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ (H2testw) என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள்.