நர்ஸம்மா பதில்கள்: ஊசிக் கட்டியும் நீல மாத்திரையும்

(கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பத்தாவது வாரத் தடுப்பூசி போட்டு வந்த அன்று இரவே குழந்தைக்குக் காய்ச்சல். தொடையில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி. "இனிமேல் பிள்ளையை ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போகாதே" என்கிறார் மாமியார். பதினாலாவது வார ஊசியை விட்டுவிடலாமா?
– வாசகி, மணப்பாறை

விடக் கூடாதும்மா. தொடையில் போட்டது பென்டாவேலன்ட். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் கிருமி என்று ஐந்துக்கும் அந்த ஒரே ஊசிதான். காய்ச்சல் பெரும்பாலும் அதிலுள்ள கக்குவான் மருந்தால் வருவது. ஒன்றிரண்டு நாளில் தானே விட்டுவிடும். கட்டி சில வாரம் கூடக் கிடக்கும், பிறகு கரைந்துவிடும். தேய்க்க வேண்டாம். எண்ணெய், மஞ்சள், காபித்தூள் எதுவும் பூச வேண்டாம். வலித்தால் ஈரத் துணியை வையுங்கள், போதும். கட்டி சிவந்து, சூடேறி, நாளுக்கு நாள் பெரிதானால் டாக்டரிடம் காட்டுங்கள்.

காய்ச்சல் மருந்தில் ஒரு கவனம். பாராசிட்டமால் சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 125 தான். அதாவது சொட்டு மருந்து நாலு மடங்கு வீரியம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அளவை உங்கள் வீட்டு பாட்டிலில் ஊற்றாதீர்கள். குழந்தையின் எடையைச் சொல்லி, பாட்டிலையும் காட்டி, எத்தனை மில்லி என்று உங்கள் நர்ஸிடமே கேளுங்கள். வலிப்பு, மூன்று மணி நேரத்துக்கும் மேல் விடாத அழுகை, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு. அடுத்த ஊசிக்கு முன்னாலும் அதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், மாமியார் விஷயம். பத்தாவது வாரத்தில் ஒரே ஊசி, மற்றதெல்லாம் சொட்டு மருந்து. பதினாலாவது வாரத்தில் மூன்று ஊசி: இரண்டு தொடையிலும் ஒவ்வொன்று, வலது கையில் தோலுக்குள் ஒன்று. இதை இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள். அங்கே வந்து பார்த்துவிட்டு, "ஒரே நாளில் மூணா!" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பாட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஊசி போடும் புதன்கிழமை அவரையும் கூட்டிப் போங்கள். மருமகள் சொன்னால் எடுபடாதது நர்ஸ் சொன்னால் எடுபடும். கக்குவான் கண்ட பிள்ளை இருமி இருமி, கடைசியில் மூச்சை இழுக்கும் சத்தத்தை அவர் காலத்தில் கேட்டிருப்பார். அதை ஞாபகப்படுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

பிறந்தபோது கையில் போட்ட பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பு) ஊசிக்குத் தழும்பே வரவில்லை. திரும்பப் போட வேண்டுமா?
– வாசகர், ஆரணி

வேண்டாம். சில குழந்தைகளுக்குத் தழும்பு விழாது. அட்டையில் போட்டதாகப் பதிவு இருந்தால் சரி.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை தருகிறார்கள். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று வாயில் அடக்கி வைத்திருந்து துப்பிவிடுகிறாளாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?
– ஒரு தந்தை, அருப்புக்கோட்டை

எழுதிக் கொடுக்காதீர்கள். அது இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. கறுப்பாகப் போவது உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்சமுள்ள இரும்பு. பயப்பட எதுவுமில்லை, ஆனால் இதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். யாரும் சொல்வதில்லை, அதுதான் கோளாறு. குமட்டல் வெறும் வயிற்றில் போடுவதால் வருவது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நிறையத் தண்ணீரோடு விழுங்கட்டும். வகுப்பாசிரியரிடம் கேட்டால் நேரத்தை மாற்றித் தருவார்கள். அதன் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சாதம் ஏதாவது கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாக ஒட்டும்.

இனி நான் கேட்கிறேன். உங்கள் மகள் பச்சரிசி மெல்லுகிறாளா? சாக்பீஸ், விபூதி, சிலேட்டுக் குச்சி தின்கிறாளா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் போகிறதா? அம்மா கேட்டால் சொல்வாள். ஒன்றிரண்டுக்கு ஆமாம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பாருங்கள். இந்த வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். குறைந்தால் வாரம் ஒரு மாத்திரை போதாது, டாக்டர் தினமும் எழுதித் தருவார். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் பூச்சி மாத்திரையையும் துப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றில் கொக்கிப் புழு இருந்தால் ஒரு பக்கம் நாம் கொடுக்க, இன்னொரு பக்கம் அது குடித்துக்கொண்டே இருக்கும்.

கோபித்துக்கொள்ளாமல் இன்னொன்றும் பாருங்கள். ராத்திரி உங்கள் வீட்டில் முட்டை யார் தட்டில் விழுகிறது? நான் போன வீடுகளில் முக்கால்வாசி, அண்ணன் தம்பிக்குப் போக மிச்சம்தான் பெண்ணுக்கு, அதற்கும் கீழே அம்மா. மகளுக்கு ரத்தம் பார்க்கப் போகும்போது அம்மாவுக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

திண்டுக்கல் பக்கமிருந்து மில் வேலைக்காகத் திருப்பூர் வந்தோம். ஒன்றரை வயது மகனின் தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டது.
– வாசகி, திருப்பூர்

கர்ப்பத்தில் உங்களுக்குத் தந்த 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை, அதாவது தாய்–சேய் பதிவு எண்ணைத் தேடுங்கள். ஸ்கேன் காகிதத்திலோ பழைய செல்போன் செய்தியிலோ இருக்கும். அதைச் சொன்னால் பதிவைப் பார்ப்பார்கள். கிடைக்காவிட்டாலும் இப்போது இருக்கும் இடத்துக்குப் பக்கத்து நர்ஸிடம் போங்கள், சொந்த ஊர் எது என்று பார்த்து ஊசி போடுவதில்லை. விட்டது எதுவோ அதிலிருந்து தொடர்வார்கள், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஒன்றரை வயதில் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணையும் பூஸ்டரும் உண்டு, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. இன்னும் வயசுக்கு வரவில்லை. அத்தை, சித்தி எல்லாரும் கேட்கிறார்கள். அம்மா அழுகிறார். என் பெயர் போடாதீர்கள்.

போடவில்லை, கண்ணு. பத்திலிருந்து பதினைந்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பதினைந்து தாண்டியும் வராவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். மார்பு வளர ஆரம்பித்துவிட்டதா? அப்படியானால் பெரும்பாலும் தாமதம் மட்டும்தான். அம்மாவுக்கும் தாமதமாகத்தான் வந்ததா என்று கேள். பல வீடுகளில் அங்கேயே விடை கிடைத்துவிடும். மார்பு வளர்ச்சியே இல்லையென்றாலோ, மாதாமாதம் அடிவயிறு வலித்தும் ரத்தம் வராமல் இருந்தாலோ இந்த வாரமே போ. எடை ரொம்பக் குறைவாக இருந்தாலும், தைராய்டு இருந்தாலும் தள்ளிப் போகும், அதற்கெல்லாம் வைத்தியம் இருக்கிறது. கோயிலுக்கு நேர்ந்துகொள்வதை அம்மா பார்த்துக்கொள்ளட்டும். நீ அவரோடு மாவட்டத் தலைமை மருத்துவமனை மகப்பேறு பிரிவுக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கு. பெண் டாக்டர்தான் வேண்டும் என்று அங்கேயே சொல். அத்தையைக் கூட்டிக்கொண்டு போகாதே.