கோபர் கேஸ் டிரம் நிறைந்திருந்தும் அடுப்பு விட்டுவிட்டு எரிந்தால்

சாண எரிவாயுக் கலனில் வாயு சேரும் டிரம் மேலேறி நிற்கிறது, அடுப்பு மட்டும் விட்டுவிட்டு எரிந்து அணைகிறது என்றால் வாயு குறையவில்லை. குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. இன்னும் சாணம் கொட்டிப் பயனில்லை.

கலனிலிருந்து வாயு ஈரத்தோடுதான் வரும். மார்கழிக் குளிரில் அந்த ஈரம் நீராகி, டிரம்மிலிருந்து அடுப்புக்குப் போகும் நீண்ட ஹோஸ் தொய்ந்து கிடக்கும் பள்ளத்தில் நின்றுவிடும்.

1. அடுப்பு எரியும்போது தொய்ந்த இடத்தை ஒருவர் மெல்ல அசைக்கட்டும். களகளவென்று சத்தம் வந்து தீ ஆடினால் சந்தேகமே வேண்டாம்.
2. டிரம் வால்வை மூடுங்கள். தீ தானாக அணைந்ததும் அடுப்புத் திருகையும் மூடி, ஹோஸைக் கழற்றி வடியுங்கள்.
3. திரும்ப மாட்டும்போது மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு கொடுங்கள். ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு 'டீ'யும் (T வடிவக் குழாய் இணைப்பு) வடிகால் திருகும் வையுங்கள். வால்வை மூடிவிட்டு வாரம் ஒருமுறை வடித்தால் போதும். செலவும் மிகக் குறைவு.

கழற்றும்போது பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் கூடாது. கசிவைச் சோப்பு நுரையால் மட்டுமே பாருங்கள், தீக்குச்சி கிழித்து ஒருபோதும் பார்க்காதீர்கள்.

டிரம் தாழ்ந்தே கிடந்தால் விஷயம் வேறு: 2 கன மீட்டர் கலனுக்குத் தினமும் சுமார் 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். இரண்டு மாட்டுச் சாணம் அதற்குக் காணாது.