பல ஆயிரம் வருடம் பழைய மனித எலும்புகளை ஆய்வு செய்வதும் காட்சிக்கு வைப்பதும் சரியா?

கீழடி பக்கத்து கொந்தகை என்ற பழைய இடுகாட்டில் கிடைத்த மண்டையோடுகள் இரண்டுக்கு முகம் வரைந்து 2025இல் வெளியிட்டார்களே, அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்தது. தாடை, நெற்றியெல்லாம் எலும்பை வைத்துக் கணக்கிடலாம், தோல் நிறம் இன்றைய தென்னிந்தியர்களைப் பார்த்து வைத்த உத்தேசம்தான். நம் ஆட்கள் மற்றதை விட்டுவிட்டு அந்த நிறத்துக்குத்தான் அடித்துக்கொண்டார்கள்.

ஆய்வு செய்யலாமா என்றால், தாராளமாக. சொல்லப்போனால் தோண்டி எடுத்துவிட்டு ஆய்வு செய்யாமல் போட்டு வைப்பதுதான் எனக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது. எனக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம், ஆற்றுக்கு அந்தப்புறம் ஆதிச்சநல்லூர், செத்தவர்களைப் பெரிய மண் தாழிகளில் வைத்துப் புதைத்த பழைய இடுகாடு. 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மன்காரர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார், அப்புறம் 1899இலிருந்து தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். 2004இல் மறுபடி தோண்டினார்கள். அப்போது எடுத்த மாதிரிகளின் காலக்கணிப்பு வெளியே வந்தது 2019இல், அதுவும் கோர்ட் வரை போன பிறகு. ஒன்று கி.மு. 900ஐ ஒட்டி, இன்னொன்று கி.மு. 700ஐ ஒட்டி. இதற்கு 15 வருடம்.

காட்சிக்கு வைப்பதில்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். நான் தொல்லியல் படித்தவன் இல்லை, கடை வைத்திருப்பவன், அதனால் நிபுணர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

சின்ன வயதில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பில், அதாவது அந்த இடுகாட்டு மேட்டில், தாழி ஓடுகளை அடுக்கி ஏழாங்கல் விளையாடியிருக்கிறோம். தட்டையாக, கனமாக, அடுக்க அவ்வளவு வசதியான ஓடு வேறெங்கும் கிடைக்காது. ஆச்சிக்குத் தெரிந்தால் விளக்குமாறுதான். 2023இல் அங்கேயே குழியின் மேல் கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கிற மாதிரி அருங்காட்சியகம் திறந்ததும் அம்மாவைக் கூட்டிப்போனேன். (பஸ்ஸில் போகலாம் என்றால் திருச்செந்தூர் வண்டிக்காரர் "அங்கெல்லாம் நிக்காது, இறங்குங்க" என்று எழுபது வயது மனுஷியை ஏறின படியிலிருந்தே இறக்கிவிட்டார். கோயில் கூட்டத்துக்கு மட்டும்தான் பஸ்ஸா? கடைசியில் ஆட்டோதான்.)

நான் நேராகக் கண்ணாடியில் ஏறிப் போய்விட்டேன். காலுக்குக் கீழே தாழிகள், சிலது முழுசு, சிலது வாய் உடைந்து மண்ணோடு. குனிந்து நாலு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பினால் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரத்திலேயே நிற்கிறாள். பக்கத்தில் ஒரு பையன் கண்ணாடி தாங்குமா என்று குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாம்மா, உடையாது."

"செத்தவங்க தலைக்கு மேல ஏறி நிக்கச் சொல்லுதியா?"

எனக்குப் பதில் வரவில்லை. தூங்குகிறவனையே தாண்டக் கூடாது என்று வளர்த்த வீடு. இதை மூடநம்பிக்கை என்று எழுத வருகிறவர்களுக்கு: அம்மா மூடி வை என்று சொல்லவில்லை, பார்க்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஓரமாகவே சுற்றி வந்து என்னைவிட அதிக நேரம் பார்த்தாள். தாழி ஏன் இவ்வளவு பெரிசு, ஆளை உட்கார வைத்தா புதைத்தார்கள் என்று கேட்டாள். எனக்கு அதுவும் தெரியவில்லை. பக்கவாட்டில் நின்று பார்க்க ஒரு நடைபாதை போட்டிருந்தால் போதும், அவ்வளவுதான் என் குறை.

எடின்பரோ பல்கலைக்கழகம் 2019இல் இலங்கைப் பழங்குடிகளான வேடர்களின் 9 மண்டையோடுகளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தது. கேட்க அவர்களுக்குத் தலைவர் இருந்தார். ஆதிச்சநல்லூர் தாழிக்காரருக்கு யார் கேட்பது? எங்கள் பாட்டன் என்று மேடையில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும்தான், அன்றைக்கே அந்தப் போட்டோவை "என் பாட்டனுக்குப் பாட்டன்" என்று ஸ்டேட்டஸில் வைத்தேன். அதில் என் செருப்பு நுனி தெரிந்ததை மறுநாள்தான் கவனித்து எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, போய் வந்த மாதிரி அம்மா நேராகப் பின்வாசலுக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். வாளியை என் பக்கம் தள்ளினாள். நானும் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போனேன்.